தெர்மாமீட்டரோடு மணமை வரை: பெரியப்பாவின் ஒற்றைத்தள வீட்டைப் பார்த்த கதை

கேளம்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் பக்கம் போகிறவர்கள் கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் பார்க்கப் போவார்கள். நான் இன்றைக்கு அதையெல்லாம் தாண்டி மணமை வரைக்கும் போய்வந்தேன். என் பெரியப்பா கட்டியிருக்கும் ஒற்றைத்தள வீட்டில் ஒரு குறையாவது கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் காரணம். பொறாமை என்று சொன்னாலும் சரிதான். வெயில் நாட்டில் ஒற்றைத்தள வீடு கட்டப் போகிறவர்களுக்கு இந்தப் பயணம் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

என் பெயரைப் போடவில்லை. இது அம்மாவின் ஃபோன். ஒன்பதரைக்கு மேல் ஃபோனைத் தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். போர்வைக்குள் வெளிச்சத்தைக் குறைத்து வைத்து எழுதுவதால் எழுத்துப்பிழை இருந்தால் மன்னித்துவிடுங்கள். இன்று நான் எங்கே போனேன் என்பது அம்மாவுக்குத் தெரியாது.

முதலில் எங்கள் வீட்டு நிலைமை. கேளம்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். எங்கள் கூரைக்கு மேலே மொட்டை மாடி, அதற்கு மேலே சூரியன். அப்பா ஐ.டி. கம்பெனி ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுகிறார். அம்மா சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறார். திருப்போரூரில் ஒரு மனை வாங்கியிருக்கிறோம். நாளைக் காலை ஆறு மணிக்கு அங்கே மார்க்கிங், அதாவது சுவர் வரும் இடமெல்லாம் தரையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுவார்கள். சுண்ணாம்பு விழுந்துவிட்டால் அதற்கப்புறம் அப்பா எதையும் மாற்றமாட்டார். மேஸ்திரியும் மாற்றவிடமாட்டார்.

அந்தக் கோடுகளில் ஒன்று என் அறை. வீட்டின் மேற்குப் பக்கம், வடக்கு மூலை. பதினொன்றுக்குப் பத்து. பிறந்ததிலிருந்து ஹாலில் படுக்கிறவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஹாலில் படுப்பவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அப்பாவின் பிளானில் மேற்குச் சுவர் நெட்டுக்குத்தாக எழும்புகிறது. ஜன்னலுக்கு மேலே ஓரடி சன்ஷேடு, அவ்வளவுதான். ஜன்னலோ ஆள் உயரக் கண்ணாடி. அப்பா ஒரு வீடியோவைக் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்று இன்ஜினியரிடம் சொல்லி வரைந்தது. அந்த வீடியோவில் வீட்டைச் சுற்றிப் பனி கொட்டிக் கிடக்கும். அங்கே வெயில் உள்ளே வர வேண்டும் என்று கண்ணாடி வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இல்லை.

பெரியப்பா, அப்பாவின் ஒரே அண்ணன். கல்பாக்கம் அணுமின் நிலைய ஊழியர்களின் அணுபுரம் குடியிருப்பில் பல வருஷம் இருந்துவிட்டுப் போன வருஷம் மணமையில் சொந்த வீடு கட்டினார். கிரகப்பிரவேசத்துக்கு எங்களை ஃபோனில் அழைத்தார். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை வைத்து நேரில் வந்து அழைக்கவில்லை. கூடப்பிறந்தவனை ஃபோனில் கூப்பிடுவானா என்று அப்பா போகவில்லை, எங்களையும் விடவில்லை. அன்றிலிருந்து பேச்சு இல்லை. போய்வந்த சொந்தக்காரர்கள் மட்டும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே, அங்கே மத்தியானம்கூட ஃபேன் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அப்பா முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அதனால்தான் மத்தியானத்தைத் தேர்ந்தெடுத்தேன். அக்னி நட்சத்திரத்தில் இரண்டு மணிக்கு எந்த வீடும் மாட்டிக்கொள்ளும். அறை வெப்பம் அளக்கிற கருவி என்னிடம் இல்லை. அலமாரியில் இருந்த காய்ச்சல் தெர்மாமீட்டரை எடுத்து யூனிஃபார்ம் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். முந்தின நாள் சாயங்காலம் எங்கள் ஹாலில், யார் மேலும் படாமல் டீப்பாயில் வைத்துப் பார்த்தபோதே அது நூறு புள்ளி நான்கு காட்டியது. மனுஷருக்கு அவ்வளவு இருந்தால் ஸ்கூலுக்கு லீவு. வீட்டுக்கு யார் லீவு கொடுப்பது.

பிளஸ் டூ ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டுப் பதினொன்றே காலுக்கு இறங்கினேன். கேளம்பாக்கத்திலிருந்து திருப்போரூர் பத்து கிலோமீட்டர் இருக்கும். மகளிர் கட்டணமில்லாப் பேருந்து கிடைத்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியில் இருக்கும் புது வீடுகளைப் பாருங்கள். நான் பார்த்த வரைக்கும், ரோட்டைப் பார்த்துப் பெரிய கண்ணாடி வைத்த வீடுகள் ஒன்று விடாமல் உள்ளே திரை போட்டிருந்தன. செலவு செய்து கண்ணாடி போட்டு, அதற்கு மேல் செலவு செய்து துணி போட்டு மூடுகிறார்கள். திருப்போரூர் நெருங்கும்போது மனை விற்பனைக் கொடிகளுக்குப் பின்னால் எங்கள் மனை இருக்கும் திசை தெரியும். அப்பா வேன் அந்த வழியாக வருமோ என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

திருப்போரூரில் பஸ் மாறினேன். மாமல்லபுரம் வரை முக்கால் மணி நேரம். அங்கிருந்து கல்பாக்கம் ரோட்டில் மணமைக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். ஆட்டோ டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இன்னாமா, லீவுல யூனிஃபார்மு?" என்றார். ஸ்பெஷல் கிளாஸ் என்றேன். "மணமைலயா ஸ்பெஷல் கிளாஸு?" என்று சிரித்தார். பக்கத்தில் மீன் கூடையோடு இருந்த அக்கா, "ரோட்ட பாத்து ஓட்டு அண்ணாத்த. புள்ளைய நோண்டிகினு," என்று வாயை அடைத்தார். இறங்கும்போது அவருக்கு நன்றி சொல்ல மறந்துவிட்டேன்.

ஒன்றே முக்காலுக்கு வீட்டைக் கண்டுபிடித்தேன். வெளியிலிருந்து பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். நீளமாக, குட்டையாக, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்காத மாதிரி ஒரு வீடு. கண்ணாடி இல்லை, தூண் இல்லை, எலிவேஷன் என்று சொல்லும் முகப்பு அலங்காரம் ஒன்றும் இல்லை. இதற்கா இவ்வளவு பேச்சு என்று நினைத்துக்கொண்டே கேட்டைத் திறந்தேன்.

பெரியம்மா என்னைப் பார்த்ததும் கையில் இருந்த துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டார். தனியாகவா வந்தாய், சாப்பிட்டாயா என்று இரண்டும் ஒரே மூச்சில் கேட்டார். ஷர்மி உள்ளேயிருந்து வந்தாள். பெரியப்பாவின் மகள், என் வயதுதான். மூன்று மாதம் பெரியவள் என்பதால் அக்கா என்று கூப்பிடச் சொல்வாள். நான் கூப்பிடமாட்டேன்.

வீட்டை இப்படிப் புரிந்துகொள்ளுங்கள். அறைகள் எல்லாம் ஒரே வரிசையில், ரயில் பெட்டி மாதிரி. ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்திருக்கவில்லை. அதனால் ஒவ்வொரு அறைக்கும் கடல் இருக்கும் கிழக்கில் ஒரு ஜன்னல், மேற்கில் ஒரு ஜன்னல். காற்று வந்த வழியே நிற்காமல் மறுபக்கம் போய்விடுகிறது. கூரையை ஒட்டி வென்டிலேட்டர்கள், சூடான காற்று மேலே ஏறி அதன் வழியாகப் போக. மொட்டை மாடி முழுக்க வெள்ளை டைல்ஸ். மேற்குப் பக்கம் வீட்டு நீளத்துக்கும் வராந்தா. அதன் வெளி ஓரத்தில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய ஓட்டைச் சுவர். உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடித்திருக்கும் என்று ஜன்னலைத் தடவிப் பார்த்தேன். மரச்சட்டம், மரக் கம்பி. ஏமாந்தேன்.

ஷர்மியின் அறையைப் பற்றி எழுதக் கூடாது என்று நினைத்தேன். எழுதுகிறேன். பத்துக்குப் பதினொன்று. சுவருக்குள்ளேயே பதித்த புத்தக மாடம். ஜன்னலுக்குக் கீழே மேஜை. மேஜை மேல் அவள் தாள்கள் பறக்காமல் இருக்கச் சங்கு வைத்திருந்தாள். எங்கள் வீட்டில் தாள் பறக்க வேண்டுமென்றால் யாராவது ஊத வேண்டும். தரையில் வெறுங்காலோடு நின்றேன். குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி பாதத்தில் ஏறியபோது எனக்கு அழுகை மாதிரி ஒன்று வந்தது, கோபம் மாதிரியும் இருந்தது.

தெர்மாமீட்டரை முதலில் வெளியே நிழலில் வைத்தேன். தொண்ணூற்றைந்து. பிறகு ஷர்மியின் மேஜையில் வைத்தேன். எண் எதுவும் வரவில்லை. லோ என்று இரண்டு எழுத்து மட்டும். இன்னொரு தடவை வைத்தேன், அப்போதும் லோ. அந்தக் கருவியைப் பொறுத்தவரை அங்கே அளக்கும் அளவுக்குச் சூடே இல்லை. ஷர்மி கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"இன்னாடி, எங்க வூட்டுக்கு ஜுரம் பாக்க வந்துகீறியா?"

அவளே மேஜையைத் துடைத்து விரலைக் காட்டினாள். மணல். "இங்க இதான் பேஜாரு. ஒரு நாளிக்கு மூணு வாட்டி பெருக்கணும். மழைக்கு ஓட்ட செவுரு வழியா சாரல் வேற, தவக்கள வேற. எழுதிக்கோ." குறையை அவளே எடுத்துக் கொடுத்த பிறகு அதைக் கொண்டுபோய் என்ன செய்வது. ஆனாலும் மனதில் குறித்துக்கொண்டேன். நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்: காற்று வர விடுகிற வீடு மணலையும் சாரலையும் வர விடும்.

சாப்பிட்டு முடித்துக் கிளம்புவதற்குள் பெரியப்பா ஷிஃப்ட் முடிந்து வந்துவிட்டார். அவர் ஐந்து மணிக்குத்தான் வருவார் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். வாசலில் என் ஷூவைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார்.

"உங்க நைனாவுக்குத் தெரியுமா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் திட்டவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். இரண்டு மணி வரைக்கும் வராந்தாவின் மேல் நீண்ட கூரையே வெயிலைச் சுவரில் படாமல் நிறுத்திவிடுமாம். அதற்கப்புறம் வெயில் சாய்ந்து வரும், கூரையால் முடியாது, அந்த வேலையை ஓட்டைச் சுவர் பார்த்துக்கொள்ளும். நாங்கள் நின்ற நேரம் வெயில் அந்த ஓட்டைகள் வழியே சின்னச் சின்னக் கட்டங்களாகத் தரையில் விழுந்திருந்தது. சுவரைத் தொடச் சொன்னார். சூடு இல்லை.

அப்புறம் கேட்டார். "அவன் மேற்கால எத்தினி அடி வுடறான்?"

"ஒன்னும் வுடல பெரியப்பா. செவுரு அப்படியே போவுது."

"மார்க்கிங் எப்போ?"

"நாளிக்கு."

அவர் வராந்தா ஓரத்தில் உட்கார்ந்தார். தான் சொன்னால் தம்பி வேண்டுமென்றே செய்யமாட்டான், நான் சொன்னால் எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்பான் என்றார். எனக்கும் அதே கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் இங்கே வந்தது தெரியும். திறக்காவிட்டால் நூறு புள்ளி நான்கு வாழ்நாள் முழுக்க என் அறையில் இருக்கும். கிரகப்பிரவேசப் பேச்சை நான் எடுக்கவில்லை, அவரே எடுத்தார். அந்த வாரம் முழுக்க நைட் ஷிஃப்ட், லீவு கிடைக்கவில்லையாம். "போன்ல கூப்ட்டா இன்னா? அழைப்பு அழைப்புதான?" என்று என்னிடம் நியாயம் கேட்டார். அப்பாவும் அவரும் ஒரே அச்சு.

அவர் உள்ளே போனதும் வராந்தாத் தரையைப் பார்த்தேன். ஓரடிக் கற்கள். சுவரிலிருந்து வெளி ஓரம் வரை எண்ணினேன். நாலரைக் கல். டேப் இல்லாமல் அளக்க இதுதான் வழி, எந்த வீட்டுக்குப் போனாலும் செய்யலாம்.

ஷர்மி ரோடு வரைக்கும் வந்தாள். "அக்கான்னு சொல்லிட்டுப் போ," என்றாள். காதில் விழாத மாதிரி, வந்த ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

திரும்பும் வழியில் கூட்டம். திருப்போரூரில் அரைமணி நேரம் நின்றேன். வீட்டுக்கு வரும்போது ஆறரை. அம்மா கடையில். அப்பா டீப்பாயில் பிளானை விரித்து நாளைக்கு மேஸ்திரியிடம் என்ன சொல்ல வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் நான் மனதில் எழுதி வைத்திருந்த பேச்சு ஒரு வரிகூட வாயில் வரவில்லை. பாக்கெட்டிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து ஆன் செய்து, பிளானில் என் அறை இருக்கும் கட்டத்தின் மேல் வைத்துவிட்டு நின்றேன்.

அது சத்தம் போட்டது. அப்பா எடுத்துப் பார்த்துவிட்டு உடனே என் நெற்றியில் கை வைத்தார். "நூறுக்கு மேல கீது. யாருக்கு ஜுரம்?"

"வூட்டுக்கு," என்றேன்.

அவர் தெர்மாமீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டீப்பாயில் வைத்தார், மறுபடி சத்தம் வரும்வரை காத்திருந்தார். அதே எண். வேறு எங்கேயாவது வைத்துப் பார்த்தாயா என்று கேட்டார். ஓர் இடத்தில் லோ காட்டியது என்றேன். எந்த இடம் என்று கேட்கப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் வாசலில் நான் கழற்றிப் போட்ட ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைச் சுற்றி வெள்ளையாகக் கடல் மணல் கொட்டியிருந்தது.

பிறகு பிளானைப் பார்த்தபடியே கேட்டார். "எத்தினி அடி வுட்டுகீறான்?"

"நாலர."

"நம்ப அஞ்சு வுடலாம்."

அப்படியே சொன்னார். பிறகு, அண்ணனைவிட அரையடி கூட வேண்டும் என்பதற்காக இல்லை, இது மனையடிக் கணக்கு என்று அவரே விளக்கம் கொடுத்தார். மனையடி சாஸ்திரப்படி அறையின் உள்ளளவு சில அடிகளில் இருக்கலாம், சில அடிகளில் இருக்கக் கூடாது. மனையில் வேறு இடம் இல்லாததால் வராந்தாவுக்கு விடும் அடி அறைகளிலிருந்துதான் குறையும். நாலடி விட்டால் மேற்குப் பக்கத்து இரண்டு அறைகளில் அவருடையது பதினாறிலிருந்து பன்னிரண்டாகும், என்னுடையது பதினொன்றிலிருந்து ஏழாகும். இரண்டும் ஆகாத அளவு. ஐந்து விட்டால் பதினொன்று, ஆறு. இரண்டும் நல்ல அளவு. பென்சிலால் கோடு போட்டு, கண்ணாடி ஜன்னலை ரப்பரால் அழித்து, சின்னதாக வரைந்தார். அழித்த தூளை ஊதிவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்.

"உன் ரூமு ஆறடிதான் வரும். இருந்துப்பியா? காலைல மேஸ்திரி வர்றதுக்குள்ள சொல்லு."

பிறகு ஒரு சாக்பீஸ் கேட்டார். ஹால் தரையில் ஆறுக்குப் பத்து அளந்து கோடு போட்டோம். டேப்பின் ஒரு முனையை நான் பிடித்தேன். அப்போது சொன்னார், "வூடு முடியட்டும். நான் நேர்ல, தட்டோட போயிக் கூப்புடறேன். வந்து கல்ல எண்ணிப் பாக்கட்டும்." ஸ்பெஷல் கிளாஸைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட இவ்வளவு பயமாக இருந்திருக்காது. கடையிலிருந்து வந்த அம்மா கோட்டைத் தாண்டிப் போகாமல் சுற்றிப் போனார். இது என்ன கோலமா என்றார். அப்பா, ரூமு என்றார்.

இதே மாதிரி வீடு பார்க்கப் போகிறவர்களுக்குச் சில விஷயம். காலையில் போகாதீர்கள், காலையில் எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும். மே மாதம், இரண்டு மணி, மேற்குச் சுவர் பக்கம் நில்லுங்கள், கையால் தொடுங்கள். தண்ணீர் பாட்டில் வேண்டும், வழியில் நிழல் குறைவு. காய்ச்சல் தெர்மாமீட்டர் போதும், ஆனால் துடைத்துத் திரும்ப அதே அலமாரியில் வையுங்கள். தரைக்கல்லை எண்ணுங்கள். ரகசியமாகப் போனீர்கள் என்றால் ஷூவைத் தட்டிவிட்டு வீட்டுக்குள் நுழையுங்கள். வீடியோ பார்த்து வீடு கட்டினால், அந்த வீட்டைச் சுற்றி என்ன கொட்டிக் கிடக்கிறது என்று முதலில் பாருங்கள். குறை தேடித்தான் போனேன், அந்த வீட்டில் மணலைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. அது இன்னும் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

இதைச் சாக்பீஸ் கோட்டுக்குள் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். பாய் விரித்தது போக ஒரு மேஜைக்கு இடம் இருக்கிறது. இரண்டு கையையும் நீட்டினால் விரல்கள் இந்தப் பக்கக் கோட்டையும் அந்தப் பக்கக் கோட்டையும் தொடுவதற்குக் கொஞ்சம்தான் மிச்சம். ஷர்மியின் அறையில் பாதிதான். காலையில் அப்பாவிடம் சரி என்று சொல்லிவிடுவேன். ஒரே ஒரு நிபந்தனை மட்டும் கேட்கப் போகிறேன், தைரியம் வந்தால். என் அறையிலிருந்து வராந்தாவுக்கு ஒரு கதவு வேண்டும். ஷர்மிக்கு அங்கே ஜன்னல்தான் இருக்கிறது.